கேப்பைக்குக் கொடுத்த அரை மாத்திரை

எங்கள் நாய் கேப்பையைத் தொலைத்தவள் நான்.

எல்லோரும் முருகேசனைச் சொல்கிறார்கள். நாரணாபுரம் பக்கம் நாய்க் காப்பகம் நடத்துகிறவர் அவர். என் மகள் மது அவரைத் திட்டுகிறாள். என் கணவர் திட்டுகிறார். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அன்று காலை தயிர்ச்சோற்று உருண்டைக்குள் அரை மாத்திரையைப் புதைத்து அவளுக்கு ஊட்டியவள் நான்தான்! இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. அதுவே ஒரு கோழைத்தனம்தான்.

எங்களிடம் இரண்டு நாய்கள். துரை, வெள்ளை ராஜபாளையம். பிறவியிலேயே காது கேளாது. அதனால்தான் வளர்த்தவர் சும்மா கொடுத்தார். மற்றவள் கேப்பை. கேழ்வரகு நிறத்தில் இருப்பாள். மது பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னாலேயே வந்துவிட்ட தெருக்குட்டி.

சிவகாசியில் வாழ்ந்தும் கேப்பைக்கு வெடியென்றால் நடுக்கம். தீபாவளி சமயத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருப்பாள். நகத்தில் ரத்தம் வரும். போன தீபாவளிக்குத்தான், சில மணி நேரம் சத்தம் உறைக்காமல் மயங்கிக் கிடக்க, கால்நடை மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் நான்கு மீதி இருந்தன.

ஆவணியில் என் நாத்தனாருக்குக் கோயம்புத்தூரில் புதுமனை புகுவிழா. இரண்டு நாள் பயணம். நாய்களைக் கூட்டிப் போவதா, விட்டுப் போவதா?

என் சுபாவத்தை நீங்கள் அறியமாட்டீர்கள். எரிவாயு அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். பத்து நாள் இதே நினைப்பாக இருந்தேன். கேப்பை காரில் வாந்தி எடுப்பாளே... வழியில் எங்கே நிறுத்துவது... துரை புது ஊரில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், கூப்பிட்டால்கூடக் கேட்காதே... மது கோயம்புத்தூரில் தன் கல்லூரி விடுதியிலிருந்து தினமும் பேசினாள்.

“அம்மா, பின் சீட்டுல பழைய போர்வையை விரிச்சுப் போட்டுக் கூட்டிட்டு வந்துரு. நான் இங்கனதானே இருக்கேன், விசேஷ வீட்டுல ரெண்டையும் நான் பாத்துக்கிறேன்.”

எவ்வளவு எளிய வழி! அதைச் செய்திருக்கலாம். ஆனால் நாத்தனார் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “மதினி, நாயெல்லாம் ஏத்திக்கிட்டு வந்துறாதீக. பால் காய்ச்சுற வீடு. எங்க அண்ணனையாவது ஒரு மூலையில ஒக்கார வச்சுரலாம், நாயை எங்கன கட்ட?”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. கேப்பையின் நடுக்கத்தைவிட, பளிங்குத் தரையில் நாயோடு நிற்கும் என்னை உறவுக்காரர்கள் பார்க்கப்போகும் பார்வை எனக்குப் பெரிதாகிவிட்டது. வேறு என்ன சொல்ல?

மதுரையில் இரண்டு காப்பகங்களைக் கேட்டேன். முகூர்த்த நாள், இடமில்லை என்றார்கள். மிஞ்சியது முருகேசன். அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

“டீச்சர், ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிருதேன். நம்ம இடத்துக்குப் பின்னால வெடிக் கம்பெனி இருக்கு. சாயங்காலமானா சாம்பிள் வெடிச்சுப் பாப்பாக. மிரளுற நாயை நான் எடுக்கிறதில்ல. வந்ததும் பின்னால நின்னு தட்டைத் தட்டிப் பாப்பேன். அசையாம இருந்துச்சுன்னாத்தான் விட்டுட்டுப் போகலாம்.”

அவர் பழக்கம் அது. எந்த நாய் வந்தாலும் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக அந்தச் சோதனை உண்டாம்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “எங்க கேப்பை மிரளுவா தம்பி.” நாலே சொல்! நான் சொன்னது இது: “சிவகாசி நாய் தம்பி. வெடிக்கு எங்க பயப்படப் போகுது?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தார்.

பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் அறிவியல் நடத்தியவள் நான். மனிதச் செவிக்கு எட்டாத ஒலியும் நாயின் செவிக்கு எட்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். சீசன் நேரத்தில் சாம்பிள் வெடிக்காத சாயங்காலம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும்...

காலை ஒன்பது மணிக்குக் காப்பகம் போனோம். முருகேசன் துரைக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டினார். அவன் எதிரே போன ஓணானையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேப்பை. டங்! அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கண்கள் பாதி மூடியிருந்தன. தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கால்மேல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“தங்கமான பிள்ளையால்ல இருக்கு!” என்றார் அவர். கணவருக்கும் மாத்திரை விஷயம் தெரியாது. “பாத்தியா, நீதான் பத்து நாளா உசுரை எடுத்த” என்று என்னைக் கேலி செய்தபடி காரைத் திருப்பினார்.

மாலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூரில் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். முருகேசனின் அழைப்பு.

“டீச்சர்... கேப்பை போயிருச்சு டீச்சர். நாலு சரம்தான் வெடிச்சாக. கம்பி வலையைக் கடிச்சுப் பிச்சுருச்சு. காட்டுப் பக்கம் ஓடிருச்சு. பைக்ல தேடிக்கிட்டேதான் பேசுதேன்.”

வலையில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தனவாம். அடுத்த கூண்டில் துரை தூங்கிக்கொண்டிருந்தானாம்.

நான் கோலத்தை முடித்தேன். ஆம், முடித்தேன்! மறுநாள் பால் பொங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் மூவரும் கிளம்பினோம். விருதுநகர் தாண்டியதும் மது கேட்டாள்: “அவ சத்தத்துக்குப் பயப்படுவான்னு தெரிஞ்சும் அந்த ஆளு எப்படிம்மா வெடிக் கம்பெனிக்குப் பக்கத்துல வச்சான்?”

‘தெரிஞ்சும்’ என்று அவளாகவே எண்ணிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அந்த ஒரு கணம் வாய் திறந்திருந்தால்!

மூன்று வாரம் தேடினோம். என் கணவர் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிற அச்சகம் வைத்திருக்கிறார். அதிலேயே கேப்பையின் படத்தை நான்கு வண்ணத்தில் அடித்து, சாத்தூர் சாலை முழுக்க ஒட்டினோம். ஒரு டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், இந்த வருசம் நாய் மார்க் வெடியா?” என்றார். விஷயம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு அடுத்த படத்தை ஒட்டப் போனேன்.

எங்களைவிட அதிகம் தேடியவர் முருகேசன். மது முகநூலில் அவர் படத்தைப் போட்டு எழுதிய பிறகு அவரிடம் நாய் விடுவோர் நின்றுபோனார்கள். இருந்தும் செவலை நிறத்தில் எந்த நாயைக் கண்டாலும் அழைப்பார். ஒரு நாள் இருக்கன்குடி போகும் வழியில் ஆற்றோரம் ஒன்று திரிகிறது என்றார். நான் தனியாகப் போனேன். அது கேப்பை இல்லை. திரும்பும்போது பைக்கை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்:

“டீச்சர், நான் தட்டித்தானே பாத்தேன்? நீங்களும் நின்னீகள்ல? அம்புட்டுச் சத்தத்துக்கும் அது அசையலையே. ஏழு வருசமா நாய்களோட கெடக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியாதோன்னு இப்பத்தான் தோணுது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நாய் மனசு யாருக்குத் தம்பி தெரியும்?”

சீ! இப்போதும் அந்தக் குரல் என் காதிலேயே நிற்கிறது. எவ்வளவு ஆறுதலாகச் சொன்னேன்! அவர் நன்றியோடு தலையை ஆட்டினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முருகேசனுக்குப் பயந்தா? இல்லை. மதுவுக்கு. இருபது வயதில் அவள் இந்த உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் நான். அதை இழந்துவிட்டு இந்த வீட்டில் எப்படி நடமாடுவேன்? ஆனால் அந்த நம்பிக்கையைக் காப்பதற்கு இன்னொருவரின் பிழைப்பை அல்லவா விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்...

நேற்று மது விடுமுறைக்கு வந்தாள். கையில் தட்டச்சு செய்த மனு. திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறாளாம். காப்பகத்தை மூட வேண்டும் என்று கோரிக்கை. நாய்களை விட்டவள் நான் என்பதால் மனு என் பெயரில் இருந்தது.

படித்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு வரி: ‘வெடிச் சத்தத்திற்கு அஞ்சும் நாய் என்று நான் முன்கூட்டியே தெரிவித்திருந்தும்...’

கண் அங்கேயே நின்றுவிட்டது. மது அதைக் கவனித்துவிட்டாள்.

“என்னம்மா? அவன்கிட்டச் சொல்லித்தானே விட்ட?”

அடுக்களையில் கணவர் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. மது பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டியபடி நின்றாள். அவள் முகத்தில் துளி ஐயமில்லை. கேள்வியைக்கூட ஒரு மரியாதைக்காகத்தான் கேட்டாள்.

“சொன்னேன்” என்றேன்.

கையெழுத்தும் போட்டேன். தெளிவாக, முழுப் பெயரோடு. மை காயட்டும் என்று மது அந்தத் தாளை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்று ஞாயிறு. மனு அவள் கைப்பையில் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று முறை அவள் அறை வாசல் வரை போனேன். மூன்று முறையும், “சாப்பிட வாறியா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.