சொட்ட வேண்டிய தண்ணீர்

நின்றிருக்கும் எந்த வண்டியைக் கண்டாலும் என் வீட்டுக்காரர் குனிந்து அதன் அடியைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் என் அம்மா வீட்டு வாசலில் நின்ற பால் வண்டிக்கு அடியில் அவர் தலை போனபோது, ஏதோ விழுந்துவிட்டது என்று நானும் சேர்ந்து தேடினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தேடுவது ஈரத்தை. ஈரம் இருந்தால் விரலால் தொட்டு, எண்ணெயா தண்ணீரா என்று முகர்ந்து பார்ப்பார். பஸ் ஸ்டாண்டிலும் அப்படித்தான். கண்டக்டர் விசில் அடித்த பிறகும் குனிந்துகொண்டிருப்பார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பேன்.

அவர் பெயர் நரசிம்மலு. கணபதி என்ற ஊரில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை. கிணற்று மோட்டார் பம்புகளைப் பிரித்துச் சரிசெய்வது தொழில். சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லவும் தெரியாது. "ஆகட்டுங்க, செஞ்சுபோடலாமுங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம் பாயில் புரண்டுகொண்டிருப்பார்.

தொண்ணூற்று நாலாம் வருடம் வைகாசியில், தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரர் அங்கப்பன் தன் அப்பா காலத்துக் காரின் தண்ணீர் பம்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். மகள் லோகப்பிரியாவுக்குத் தாராபுரத்தில் கல்யாணம். அங்கப்பன் மாப்பிள்ளையாக வந்து இறங்கியதும் அந்தக் காரில்தானாம். பெண்ணையும் அதிலேயே அழைத்துப்போக வேண்டும் என்று ஆசை.

பிரித்துப் பார்த்தால் பம்பின் தண்டில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம். இவர் லேத்தில் புதுத் தண்டு கடைந்தார். தண்டைத் தாங்கும் புஷ் வளையத்தையும் புதிதாகப் போட்டார். உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் துருவை நான் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். கடைசியில் தண்டைச் சுற்றி கிரீஸ் தடவிய கயிற்றைச் சுற்றி, மேலே நட்டைப் போட்டார். நட்டை இறுக்கினால் கயிறு தண்டைக் கவ்வித் தண்ணீரை நிறுத்தும். ஆனால் அடியோடு நிறுத்தக் கூடாது. கொஞ்சம் சொட்டிக்கொண்டிருந்தால்தான் கயிறு நனைந்திருக்கும். இல்லையென்றால் தண்டு சூடேறிக் கயிறு கருகிவிடும். கிணற்றுப் பம்புக்கும் இதே கணக்குதான்.

என்னையும் கூட்டிக்கொண்டு தொண்டாமுத்தூர் போய்ப் பம்பைப் பொருத்தி இன்ஜினை ஓடவிட்டார். சொட்டியது. அங்கப்பன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க நரசிம்மலு, இதென்னுங்க கொழந்தையாட்ட ஒண்ணுக்குப் போகுது?"

"அது சொட்டோணுமுங்க. உங்க தோட்டத்துப் பம்பும் சொட்டுதில்லீங்களா?"

"தோட்டத்துல சொட்டுனா தென்னைக்குப் போகுது. மண்டபத்து வாசல்ல சொட்டுனா கோலமல்ல அழியும்? சம்பந்தி ஊட்டுக்காரங்க எகத்தாளம் பேசுவாங்க. ஒரு சொட்டு ஆகாதுங்க."

இவர் ஸ்பேனரைக் கையில் உருட்டினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆகட்டுங்க" என்றார். நட்டை இறுக்கினார். சொட்டு நின்றது.

அதோடு அவருடைய சோறும் நின்றது. தட்டில் கை வைப்பார், எழுந்து பட்டறைக்குப் போவார், எதையும் தொடாமல் திரும்பி வருவார். "பொண்ணு நடுவழியில நின்னுபோச்சுன்னா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

பெண் புறப்படும் நாள் மத்தியானம் மொபெட்டில் தண்ணீர்க் கேனைக் கட்டினார்.

"ஏறு அம்மணி."

"நம்மளக் கூப்புட்டது நாளைக்கு முகூர்த்தத்துக்குங்க."

"நாம கல்யாணத்துக்குப் போகலே. காருக்குப் பின்னால போறோம்."

சிங்காநல்லூரில் காத்திருந்து, கார் எங்களைக் கடந்ததும் பின்னாலேயே போனோம். வெயில் முதுகில் அறைந்தது. இவர் காரைப் பார்க்கவில்லை, கார் போன ரோட்டைப் பார்த்தார். "காஞ்சு கெடக்குது பாரு" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பின் கண்ணாடி வழியாக லோகப்பிரியா எங்களைக் கண்டு கையாட்டினாள். பதிலுக்குக் கையாட்டக் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் அசைத்தேன்.

பல்லடம் தாண்டி, குண்டடத்துக்கு முன்னால், பெண் அழைத்துப் போகிறவர்கள் தேங்காய் உடைக்கும் பிள்ளையார் ஒன்று உண்டு. கார் நின்றதும் இவர் மொபெட்டை என் கையில் விட்டுவிட்டு ஓடினார். ஓட்டி வந்த கதிர்வேல், லோகப்பிரியாவின் அண்ணன், இறங்குவதற்குள் இவர் முன்மூடியைத் தூக்கிவிட்டார். கயிறு தீயும் வாடை எனக்கே அடித்தது. நட்டைத் தொட்ட விரலை உதறினார்.

அங்கப்பன் சிரித்துக்கொண்டே வந்தார். "அட, நீங்க எங்கீங்க இங்க? பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்ல!"

"அதுக்குத்தானுங்க வந்தேன். நட்ட லூஸ் பண்ணோணுமுங்க."

"இன்னும் கொஞ்ச தூரந்தானுங்க. அப்படியே உட்டுப்போடுங்க."

ஆகட்டுங்க என்ற சொல்லுக்காக என் காது காத்திருந்தது.

"மாட்டேனுங்க" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கோணும். உங்க மொகத்துக்காக இறுக்கிப்போட்டேன். இப்படியே போனா கார் தாராபுரம் சேராதுங்க. பொண்ணு ரோட்டுலதான் நிக்கும்."

அங்கப்பனின் சிரிப்பு போய்விட்டது. காருக்குள்ளிருந்து லோகப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கோலம் நனைஞ்சா ஆகாது, நா வெய்யில்ல காஞ்சா ஆகுமுங்களா?"

கதிர்வேல் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டான். "என்னமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு அங்கப்பன் தேங்காயோடு பிள்ளையார் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் நட்டைத் துளி தளர்த்தினார். புழுதியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதற்கப்புறம்தான் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கார் மண்டபத்து வாசலில், சரியாகக் கோலத்தின் மேலேயே போய் நின்றது. சொட்டியது. மாப்பிள்ளையின் அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "என்னுங்க சம்பந்தி, காருக்கும் வேர்க்குதுங்களா?" என்று கேட்டார்.

அங்கப்பன் ஒரு நொடி இவரைப் பார்த்தார். "எங்கூட்டுப் பொண்ணு காலு வெக்கறதுக்கு முன்னால வாசல் தெளிக்குதுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. இவர் மட்டும் சிரிக்காமல், இன்ஜின் ஆறட்டும் என்று கேனோடு காத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கார் இப்போதும் தொண்டாமுத்தூரில் ஓடுகிறது. நிறுத்தினால் அடியில் ஒரு அலுமினியக் குண்டா வைக்கிறார்கள். இவர் இன்றைக்கும் எல்லோருக்கும் ஆகட்டுங்க என்றுதான் சொல்கிறார், அந்த நட்டை இறுக்கச் சொல்பவர்களைத் தவிர. சாப்பிடும்போது கால் ஆடுவது நிற்கவில்லை.