தாப்னி ஓடைத் தண்ணீர்

போடிமெட்டுக்கு மேலே ஒற்றையடிப் பாதை. கால் முழுக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, அட்டைக்குப் பயந்து வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறேன். முன்னால் போகிற மாமனார் சட்டென்று நின்று திரும்புகிறார். பாதையை அடைத்துக்கொண்டு கேட்கிறார்: "மாப்ளே, அந்தப் பிள்ள மரமாப் போயிருச்சுன்னீகளே, அதுக்குப் பெறகு அதுக்குக் கருமாதி செஞ்சாகளா? இல்ல, மரந்தான் உசுரோட நிக்குதேன்னு விட்டுட்டாகளா?" அங்கே நின்ற இரண்டு நிமிடத்தில் என் காலில் மூன்று அட்டை ஏறிவிட்டன. மாமனாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்தக் கேள்வியும் அந்த அரிப்பும்தான்.

புதுமாப்பிள்ளை என்றால் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்குவான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். போடியில் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு வாய்த்த ஞாயிற்றுக்கிழமைகள் வேறு மாதிரி. எல்லாம் ஒரு பத்திரத்தால் வந்த வினை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும் முன் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை என் மாமனாருக்கும் மறுபாதியைச் சிலமலை விவசாயி ஒருவருக்கும் விற்றார். தோட்டத்தின் தலைமாட்டில் இரண்டு ஓடைகள். பெரிய ஓடை சித்திரை வெயிலிலும் ஓடும். சின்ன ஓடையில் மாசி பிறந்தால் கூழாங்கல்தான் மிஞ்சும். துரைசானி கிரேக்கக் கதைகளில் ஊறிப்போனவள். ஓடைகளுக்கு அவள் ஆசையாக வைத்த பெயர்கள் பத்திரத்திலும் ஏறிவிட்டன. தாப்னி ஓடைத் தண்ணீர் மாமனாருக்கு, மெட்டோபி ஓடைத் தண்ணீர் சிலமலைக்காரருக்கு. இதில் எது பெரியது, எது சின்னது என்று பத்திரத்தில் ஒரு வரி இல்லை. பெயர் புரியவில்லை என்று துரை முன்னால் சொல்ல இரண்டு பேருக்கும் கூச்சம். கையெழுத்தைப் போட்டுவிட்டு, துரை போன பிறகு உட்கார்ந்து முழித்தார்கள். சின்ன ஓடை யாருக்கு விழுகிறதோ அவருடைய ஏல நாற்றங்கால் கோடையில் கருகும். விஷயம் அவ்வளவுதான்.

புத்தி உள்ளவர்கள் தண்ணீரை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பத்திரத்தில் எழுதியிருப்பது எழுதியதுதான், அதன் அர்த்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் நம் சோலி என்றார். சிலமலைக்காரராவது சண்டை பிடித்தாரா என்றால், அதுவும் இல்லை. "அண்ணே, நீங்க படிச்ச மாப்ளய வச்சிருக்கீக. பாத்துச் சொல்லுங்க. எது என்னதுன்னு சொல்றீகளோ அத எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாரம் முழுவதும் என் தலையில் இறங்கியது.

மதுரையில் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கி, கிரேக்கக் கதைகள் உள்ள தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். தாப்னியும் மெட்டோபியும் லாடோன் என்ற ஆற்றின் மகள்கள் என்று அதில் படித்துச் சொன்னதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஆற்றுக்குப் பிறந்த அக்கா தங்கை. அன்றிலிருந்து அவர்கள் அவருக்குச் சொந்தக்காரப் பெண்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். தாப்னியை ஒரு தேவன் துரத்தினான், அவள் ஓடினாள், தப்பிக்க வழியில்லாமல் மரமாகிவிட்டாள் என்று நான் சொன்னபோது அவருக்கு வந்த கோபத்தை என் மேல்தான் காட்டினார். "அப்பன்காரன் ஆறுதான? பொங்கி வந்து அந்தப் பயல அடிச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதான?" என்று என்னவோ நான்தான் அந்த ஆறு என்பதுபோல் கேட்டார். என்ன மரம் என்றார். வாசனை இலை மரம், நம் பிரிஞ்சி இலை மாதிரி என்று வாயை விட்டேன். துரைசானி காரணமில்லாமல் பெயர் வைத்திருக்க மாட்டாள் என்பது அவர் கட்சி. அதனால் பிரிஞ்சி மரம் நிற்கிற ஓடைதான் தாப்னி என்று முடிவு கட்டி, நாலு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காட்டுக்குள் இழுத்தடித்தார். மரம் இரண்டு கரையிலும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப மெட்டோபி கதையையும் பாருங்க மாப்ளே. அக்கா சங்கதி தெரிஞ்சாத் தங்கச்சி சங்கதி தெரிஞ்சிரும்" என்றார். மெட்டோபிக்குக் கதை என்று ஒன்று இல்லை. இந்த மாதிரிப் பெண்களைப் பற்றி அந்தப் புத்தகம் அப்பன் யார், புருஷன் யார் என்று சொல்வதோடு சரி. தை மாதக் கடைசியில், எங்கோ ஒரு மூலையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி கண்டுபிடித்தேன். அவள் இன்னொரு ஆற்றை மணந்து பன்னிரண்டு பெண்களைப் பெற்றாள். அவ்வளவுதான். படித்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. மாமனாரிடம் இதைச் சொன்னால், பன்னிரண்டு பெற்றவள் வற்றுவாளா என்று கேட்டுவிட்டுப் பெரிய ஓடையைத் தூக்கி அப்படியே சிலமலைக்காரரிடம் கொடுத்துவிடுவார். என் மனைவியின் நகைகளை விற்று வாங்கிய தோட்டம் அது. முடிவு தெரியாமல் எந்த ஓடையிலும் மாமனார் கைவைக்காததால் நாற்று ஏற்கெனவே தலை சாய்த்திருந்தது. எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன. "மெட்டோபி பிள்ளையில்லாதவ மாமா. அப்பன் சாபத்துல வத்திப்போனவ" என்று சொன்னேன். ஒரு நொடி யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மாமனார் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். பிறகு, "பாவம் அந்தப் பிள்ள" என்றார். அவள் வற்றியவள் என்றால் சின்ன ஓடைதான் மெட்டோபி என்று மறுநாளே சிலமலைக்காரரிடம் சொன்னார். அவர் சரி என்று தலையாட்டினார். பெரிய ஓடையிலிருந்து எங்கள் நாற்றங்காலுக்கு வாய்க்கால் வெட்டினோம். பங்குனியில் எங்கள் நாற்று பச்சையாக நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சிலமலைக்காரரின் நாற்றில் முக்கால்வாசி கருகிவிட்டது. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்த அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துரைசானிக்குத் துணையாளாக இருந்த ஒருத்தி, துரை போனதும் மூணாறு பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் அந்தப் பங்குனியில் வேலை கேட்டுத் திரும்பி வந்தாள். மாமனார் அவளிடம் ஓடைகளைப் பற்றிக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரிய ஓடதான் மெட்டோபி மொதலாளி" என்றாள். துரைசானியை மலையாளத்து வழக்கப்படி அவள் மதாம்மா என்றே சொன்னாள். "மதாம்மா கோடையில அதுலதான் குளிக்கும். பன்னெண்டு பொம்பளப்பிள்ள பெத்த மகராசியாம், அதான் வத்தாமக் கெடக்குதாம்னு சொல்லிச் சிரிக்கும்."

மாமனார் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்படி ஒன்றும் அந்தப் பார்வையில் இல்லை. ஆளைக் கூப்பிடாமல் தானே மண்வெட்டியை எடுத்துப் போய் வாய்க்காலை அடைத்தார். பிறகு வேலியைத் தாண்டிச் சிலமலைக்காரரிடம் நடந்தார். நானும் பின்னால் போனேன். "தம்பி, பெரிய ஓட உன்னுது. எங்க நாத்துல பாதியப் பிடுங்கிக்க. மாப்ள சரியாத்தான் படிச்சுச் சொன்னாரு. நான்தான் ரெண்டு பிள்ளைகளையும் மாத்தி வெளங்கிக்கிட்டேன்" என்றார். சிலமலைக்காரர் அதையும் நம்பினார். நம்புவதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

இறங்கி வரும்போது என்னைத் திட்டுவார் என்று வளைவுக்கு வளைவு காத்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை, அந்த மாதிரி மனிதரோடு என்னதான் செய்வது? அவர் இறந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு எரிச்சல் தீரவில்லை. அன்று இறங்கி வந்ததற்கு அடுத்த ஞாயிறு விடிந்ததும் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தார். மலைக்குக் கிளம்பச் சொல்லவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, அந்த மெட்டோபி கதைய மொதல்ல இருந்து சொல்லுங்க. புத்தகத்துல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க" என்றார்.

ஒரு வரிதான் இருந்தது. அதைப் படித்துச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.