மூச்சுச் சத்தம் கேட்கும் லைன்

திருப்போரூர் டீக்கடையில் லட்சுமணன் சொன்ன சேதி, மாமல்லபுரத்திலிருந்து வந்த ஒரு வேன் டிரைவர் அவனிடம் சொன்னது.

"நம்ம பரணி இழுத்த லைன்ல, மனுசன் மூச்சு வுடற சத்தம்கூட கனடாவுல கேக்குதாம்பா!"

"அப்ப எங்கூட்டுக்கு வேணாம். நான் முணுமுணுக்கறது மாமியா வூடு வரைக்கும் போயிடும்" என்றார் டீ மாஸ்டர்.

பக்கத்தில் நின்றிருந்த பரணிதரன் சிரிக்கவில்லை. ஏணி கட்டிய பைக்கைக் கிளப்பினான். கேபிள் டிவி காலத்திலிருந்து பத்தொன்பது வருடமாகக் கம்பம் ஏறுகிறவன்; இப்போது இழுப்பது இன்டர்நெட் லைன். ஊர் பேசியதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான்கு நாளாக அவனைத் தின்றுகொண்டிருந்தது.

மாமல்லபுரத்தில் தொப்பியும் கூலிங்கிளாஸும் விற்ற ஜலாலுதீன் பாய்க்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மிஞ்சியது வெறும் காற்றாக வரும் குரல். சாதாரண போன் அதை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிவிடும். மகன் அய்மன் டொராண்டோவில் இருந்தான்; அங்கே தங்குவதற்கான பேப்பர் கைக்கு வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

"பரணிண்ணா, அத்தாவைப் பாக்க முடியாது. கேட்டாவது கிடக்கறேன்" என்று போனில் அழுதான்.

பரணிதரன் புது லைன் இழுத்தான். வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து கட்டில்வரை ஒயர் போட்டான். தலைமாட்டில் மைக், வடிகட்டுகிற செட்டிங் எல்லாம் ஆஃப். அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அய்மன், "அத்தா எச்சில் முழுங்கறது கேக்குதுண்ணா" என்றான். வேலை நேரத்திலும் ஒரு காதில் அத்தாவை மாட்டிக்கொண்டே திரிந்தான்.

ஆனால் லைன் தினம் நாலைந்து தடவை பத்து நிமிடம் செத்தது. பரணிதரன் ஓடி வந்து பார்த்தால் மோடம் பச்சையாக எரியும். உப்புக்காற்று என்று நினைத்து இரண்டு ஜாயிண்டை மாற்றினான். காக்காய் கொத்தியிருக்கும் என்று ஒயரையும் மாற்றினான்.

இன்று சாயங்காலம் ஏணியில் நின்றபடி ஜன்னல் வழியே மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கியது. பச்சை விளக்கு அணைந்தது.

உள்ளே பாயின் மனைவி சுராயாம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, டிவியின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்சைத் தட்டியிருந்தாள். பாங்கு சொன்னால் டிவியை நிறுத்துவது அந்த வீட்டு வழக்கம். மோடத்தை அதே பாக்ஸில் சொருகியவன் பரணிதரன்தான். காலியாக இருந்தது அது ஒன்றுதான் என்று, யோசிக்காமல் செய்தது.

கட்டிலில் பாய் மைக் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். உதடுகள் அசைந்தன. இரண்டு மூன்று வார்த்தை இருக்கும். பிறகு அசையவில்லை.

பரணிதரன் இறங்கி ஓடினான். சுராயாம்மா கணவரின் மார்பில் கையை வைத்துக் குனிந்திருந்தாள். அவன் பாயின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். காற்றில்லை.

"இன்னாம்மா சொன்னாரு?"

"எனக்குத்தான் காது மந்தமாச்சே, தம்பி." அவள் குரல் உடைந்தது. "மைக்கப் பாத்து என்னமோ சொன்னாரு. கடேசியா அவங்கிட்டதான் பேசினாரு. அய்மன் கேட்டிருப்பான்ல?"

பரணிதரன் அணைந்த மோடத்தைப் பார்த்தான். பார்வையை அவள் பக்கம் திருப்ப முடியவில்லை.

சட்டைப்பையில் அதிர்ந்த போனை வெளியே எடுத்தான். அய்மன். லைன் செத்துவிட்டது என்று சொல்வதற்காக, நான்கு நாளும் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறான்.

"அவன்தானே? எடு தம்பி. அத்தா என்ன சொன்னாருன்னு கேளு" என்றாள் சுராயாம்மா.

போன் அவன் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது.