பிச்சையா பிள்ளையின் ஆயுசு

அந்த ஆளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முன்னால் ஒரு ஸ்ரீ, பின்னால் ஓர் ஆனந்தா என்று முழ நீளத்துக்கு இருந்தது அது. கல்லாற்றங்கரையில் ஆசிரமம் போட்டிருந்ததால் கல்லாற்றுக்காரன் என்றே சொல்கிறேன். அதுவே அவனுக்கு அதிகம். நான் சொல்ல வந்தது அடுத்த வீட்டு வடிவாம்பாளைப் பற்றி.

வடிவாம்பாளுக்குப் பிறந்த ஊர் பூதப்பாண்டி. பிச்சையா பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் பின்தெருவுக்கு வந்தாள். அவருக்கு மலைச்சரக்கு வியாபாரம். மிளகு, சுக்கு, ஏலம் என்று வீடே மணக்கும். வடிவாம்பாள் லேசுப்பட்ட பெண் இல்லை. கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தே உள்ளே புழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். காய்காரி அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டாள். ஆனால் காவித் துணியைக் கண்டால் மட்டும் அந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கேயோ ஓடிப் போய்விடும். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபின் தங்கிய ஒரே மகள் தாணம்மாள். தெய்வம் கொடுத்த பிள்ளை என்பதால் தெய்வத்தின் பேரில் யார் எதைச் சொன்னாலும் அவளுக்குக் கை தானாகவே கும்பிட்டுவிடும்.

பிச்சையா பிள்ளைக்கு இழுப்பு நோய். மிளகு பிடிக்க வித்துரா சந்தைக்குப் போனவர் கல்லாற்று ஆசிரமத்துக்குப் போய் அந்த ஆள் கொடுத்த லேகியத்தை நக்கியிருக்கிறார். மூச்சு கொஞ்சம் இளகியிருக்கிறது. அவ்வளவுதான், மனிதர் விழுந்துவிட்டார். "நான் நடமாடுகது சாமி போட்ட பிச்சையாக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு அவனைப் பட்டணத்துக்கே அழைத்து வந்தார். மலையாளக் கணக்குக்குக் கொல்லம் ஆயிரத்து நூற்று ஒன்பதாம் ஆண்டு முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் பஜனை நடந்தது. சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று நல்ல கூட்டம். முடிவில் அவன் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரில் ரோஜா இதழைப் போட்டு ஆளுக்கொரு உத்தரணி கொடுப்பார்கள். வரிசை நின்று குடித்தார்கள். அந்தத் தண்ணீரில் மிதந்த அழுக்கை நான் கண்ணால் பார்த்தேன். பி.ஏ. படித்தவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினார்கள்.

அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. மனக்குற்றம் சொல்வது என்று பெயர். ஒவ்வொருவராக அவன் பக்கத்தில் போய் மண்டியிட்டு, மனத்தில் இருக்கும் குறையைக் காதில் சொல்ல வேண்டும். சொன்னால் பாவம் தீருமாம். ஒருவர் வீட்டுச் சங்கதி பாக்கியில்லாமல் எல்லாம் அந்தக் காதுக்குள் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஒருவர் முகத்தைப் பார்த்து, "மாமியாருக்கும் உனக்கும் பேச்சு இல்லையோ?" என்பான். முக்காலமும் உணர்ந்தவர் என்று கூடம் உருகும். ஊரார் வாயிலிருந்து பிடுங்கியதை ஊராருக்கே ஞானமாக விற்றான்.

தாணம்மாளுக்கு அப்போது இருபது வயது. வந்த வரன்களைத் தட்டிவிடச் சொன்னவனும் அவன்தான். குருபலம் வரட்டும், அதுவரை ஆசிரமத்தில் சேவை செய்யட்டும் என்றான். தகப்பனும் தாயும் சேர்ந்து புதுப்புடவை எடுத்துக் கொடுத்து நெடுமங்காடு வழி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பெண் திரும்பி வந்தாள். வாய் திறக்கவில்லை. மௌன தீட்சை என்றார்கள். ஒரு மண்டலம் பேசக் கூடாது, அதன் பிறகும் குரு சொன்னால்தான் பேசலாம். சின்ன வயதில் இவ்வளவு பெரிய பாக்கியமா என்று தெருவே திரண்டது. நம்மவர்களிடம் இது ஒரு கேடு. ஒருத்தி சிரித்தால் கெட்டவள், பேசினால் வாயாடி, வாயை மூடிக்கொண்டால் மட்டும் தெய்வம். வடிவாம்பாள் மகளை மணையில் உட்கார வைத்துக் கோலம் போட்டாள். பெண்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்தினார்கள். கிழவர்கள்கூடக் கும்பிட்டார்கள். அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளுக்கு நாலைந்து தடவை குளித்தாள். ஆசிரமத்து லட்டைக் கொடுத்தால் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். உடம்பு சுத்தமாகிறது என்று அதற்கும் விளக்கம் சொன்னார்கள்.

வடிவாம்பாளுக்குக் கண் திறந்தது கல்லாற்றில்தான். அங்கே ஓர் அன்னதானம். மகளை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் புருஷனோடு போனவளைப் பரிமாற விட்டார்கள். மௌனம் இருப்பவர்களுக்கு அங்கே தனிப் பந்தி. அதற்கு மோர் ஊற்றிக்கொண்டே போனவள் இலைகளை விட்டு முகங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். எல்லாம் இளம்பெண்கள். ஓர் ஆண் இல்லை. வயதானவள் ஒருத்தி இல்லை. சமையல்கட்டை நடத்திவந்த வாலாம்பாள் என்ற அம்மாளிடம், "ஆம்பிளையளுக்கு மௌனம் கெடையாதா?" என்று கேட்டாள்.

"விசிறி சேவை பண்ணினவாளுக்குத்தான் மௌனம் கெடைக்கும். சுவாமி சயனிக்கறச்சே உள்ளே போய் விசிறணும். எல்லாருக்குமா அந்தப் பாக்கியம் வரும்?" என்றாள் அந்த அம்மாள், மிகுந்த பெருமையோடு.

அந்த நேரம் பார்த்து வாசலில் அவனுடைய பாதக்குறட்டுச் சத்தம் கேட்டது. பந்தியில் இருந்த அத்தனை பெண்களின் கையும் சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. ஒருத்தி மாராப்பை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். பக்தி வந்தால் இப்படியா இருக்கும்? வடிவாம்பாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பிச்சையா பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் மதியம் நடந்ததை வடிவாம்பாளே பிறகு என் மனைவியிடம் சொன்னாள். அடுக்களையில் மகளை எதிரில் உட்கார வைத்து, "விசிறப் போன எடத்துல என்ன நடந்து மக்கா?" என்று கேட்டிருக்கிறாள். பெண் தலையை ஆட்டினாள். முன்கட்டில் பிச்சையா பிள்ளை இருமினார். உடனே அவள் கண் பதறிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. இருமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வடிவாம்பாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் அந்தக் காதில் தன் மனக்குற்றமாகச் சொன்னது இதுதான்: என் மகளுக்கு என்னைவிட அப்பா மேல்தான் உயிர், அவருக்கு இழுப்பு வந்தால் அவள் சோறுகூடத் தின்ன மாட்டாள், எனக்கு அது பொறாமையாக இருக்கிறது. பெற்றவள் வெட்கப்பட்டுச் சொன்னதை அந்த நீசன் பத்திரமாக எடுத்து வைத்து, அவள் மகளின் வாயைக் கட்டுவதற்குக் கயிறாகத் திரித்திருக்கிறான்.

"நீ வாயத் தெறந்தா அப்பா செத்துருவான்னு சொன்னானா?"

தாணம்மாளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வடிவாம்பாள் எழுந்தாள். கழுத்தில் கிடந்த தாலியைத் தலை வழியாகக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். புருஷன் முன்கட்டில் உயிரோடு இருமிக்கொண்டிருக்கும்போது நம் பெண்களில் யார் இதைச் செய்வாள்? கனவில்கூடக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

"அவிய போனா தாலி அறுக்கப் போறது நான்லா? நான் இப்பமே அறுத்தாச்சு. இனி ஒனக்கு என்னத்துக்குப் பயம்? பேசு மக்கா" என்றாள்.

பேசாமலே கிடந்த குரல் கரகரத்து வந்தது. "வெசிறச் சொன்னான் எம்மா. பொறவு கதவச் சாத்துனான்." மிச்சத்தை என் மனைவி என்னிடம் சொன்னாள். நான் எழுத மாட்டேன்.

சாயங்காலம் புருஷனிடம் வடிவாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் முதலில் கேட்ட கேள்வி, "பேசிட்டாளா? எப்பம் பேசுனா?" என்பதுதான். கேட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். வெள்ளிக்கிழமை சாமியை வரவழைத்துப் பாதபூஜை செய்து பரிகாரம் கேட்க வேண்டும் என்றார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரட்டு" என்றாள் வடிவாம்பாள்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். கூடம் நிறைந்திருந்தது. வஞ்சியூர்க் கோர்ட்டில் குமஸ்தாவாக இருந்த ஒரு மலையாளி, ஓமனா என்ற தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். அவளும் மௌனம் வாங்கியவள். கல்லாற்றுக்காரன் பலகையில் அமர்ந்து தாம்பாளத்தில் காலை வைத்தான். தண்ணீர் ஊற்ற வேண்டிய வடிவாம்பாள் செம்பைக் கையில் எடுக்கவில்லை. வெறுங்கழுத்தோடு எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எம் மக பேசிட்டா. பேசினா அப்பா சாவாருன்னு இந்த ஆளு பயங்காட்டி வச்சிருந்தான். அவிய இந்தா இருக்காவ, நல்லாத்தான் இருக்காவ. மௌனம் இருக்க பிள்ளையளப் பெத்தவிய யாராம் இருந்தா வீட்டுல போயி கேட்டுப் பாருங்க" என்றாள்.

கூட்டம் அவன் முகத்தைப் பார்த்தது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "பிச்சையா, நான் போட்ட கட்டை உன் சம்சாரம் அவிழ்த்துவிட்டாள். இனி உன் ஆயுசுக்கு நான் பொறுப்பில்லை" என்றான், ஏதோ கடைச்சரக்கின் விலையைச் சொல்வதுபோல.

பெற்ற தகப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். பிச்சையா பிள்ளை தடாலென்று அந்தக் கால்களில் விழுந்தார். "சாமி, சின்னப் பிள்ள, தெரியாமப் பேசிட்டா. மறுபடியும் ஒரு மண்டலம் வாயக் கெட்டி இருப்பா. கல்லாத்துக்கு நானே கூட்டியாந்து விடுகேன். என்னைய மட்டும் கைவிட்டுராதிய" என்று அழுதார். மூக்குச்சளி அவன் பாதத்தில் ஒழுகியது. நாற்பது பேருக்கு முன்னால் மகளை விலையாக வைத்துத் தன் மூச்சைக் கேட்டார்.

தாணம்மாள் அடுக்களை நிலைப்படியில் நின்று இதைப் பார்த்தாள். எந்த உயிருக்காக அத்தனை நாளும் வாயைக் கட்டிக் கிடந்தாளோ அந்த உயிர் தரையில் கிடந்தது. அவள் கூடத்துக்கு வந்தாள்.

"நான் போகமாட்டேன் அப்பா" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். எந்த அறை, எந்தக் கதவு, கதவுக்கு வெளியே காவல் யார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதியிலேயே சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண் இப்படியெல்லாம் பேசலாமா என்று ஒரு வக்கீல் முணுமுணுத்தார். செய்தவனை விட்டுவிட்டுச் சொன்னவளைக் கேட்கிற சட்டம் அவர் படித்தது.

அவள் சொல்லி முடித்ததும் ஓமனா வாய் திறந்தாள். "என்னோடும் அது தன்னெ பறஞ்ஞு. மிண்டியால் அச்சன் மரிக்கும் என்னு" என்றாள் தகப்பனைப் பார்த்து. பேசினால் அப்பா செத்துப் போவார் என்று தன்னிடமும் அவன் சொன்னான் என்கிறாள். குமஸ்தா தாம்பாளத்தை ஓர் உதை விட்டார். தண்ணீர் கல்லாற்றுக்காரனின் முகத்தில் அடித்தது. மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. ஆனால் எல்லோரும் கலையவில்லை. தரையில் சிந்திய அந்தத் தண்ணீரை முந்தானையால் ஒற்றித் தலையில் பிழிந்துகொண்ட இரண்டு பேரை நான் பார்த்தேன். மனித ஜன்மத்தின் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். போலீஸில் சொல்வோம் என்று நான் அலைந்தேன். பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று மற்றப் பெண்களைப் பெற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவன் கல்லாற்றைக் காலி செய்துவிட்டுப் போனான். இப்போது வேறு ஊரில் வேறு பெயரில் இருக்கிறானாம். அங்கேயும் கூட்டமாம்.

வடிவாம்பாள் அந்த வாரமே மகளோடு கரமனையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். பூதப்பாண்டியிலிருந்து அண்ணன் நெல் அனுப்புகிறார். தாணம்மாள் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறாள், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தாய் மகள் இருவருமே அதைச் சட்டை செய்வதில்லை.

பிச்சையா பிள்ளை சாகவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கல்லுப் பிள்ளையாராக இருக்கிறார். ஆசுபத்திரி மருந்தில் இழுப்புகூடக் குறைந்துவிட்டது. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பழக்குலையோடு கரமனைக்குப் போகிறார். போன பொங்கலுக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வடிவாம்பாள் காபி கொடுத்தாள். கழுத்து அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது.

"நான் இருக்கச்சிலே நீ இப்பிடி நிக்கது நல்லாவா இருக்கு? ஊரு என்னைய செத்தவனாட்டுல்லா பாக்கு. அத எடுத்துக் கெட்டிக்கிடப்பிடாதா?" என்றார்.

"கெட்டிக்கிடுகேன். மககிட்ட ஒரு வார்த்த கேளுங்க. அவ சரின்னு சொன்னா இப்பமே கெட்டிக்கிடுகேன்" என்றாள் வடிவாம்பாள்.

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. தாணம்மாள் காத்திருந்தாள் என்றே நினைக்கிறேன். பிச்சையா பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.