இலுப்பை வெண்ணெயும் அக்காவின் குதிகாலும்

பெரிய முதலியார்சாவடி பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து தோலில் பூசும் க்ரீமும் பாமும் செய்கிறோம். உருக்குவதும் ஊற்றுவதும் என் வேலை. மாங்கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்த வெண்ணெய், ஆப்பிரிக்கக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஷியா, கோகம், இலுப்பை என்று வாளி வாளியாக வரும். தேன்மெழுகு கிடையாது, கெட்டிப்படுத்த அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கும் மெழுகுதான். ஆடு, மாடு, தேனீ எதுவுமே எங்கள் டப்பாவுக்குள் நுழையக் கூடாது.

நான் சம்பளத்துக்காகத்தான் சேர்ந்தேன். கொள்கை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியதோடு நிற்காமல் என் வாய் வழியாக ஊருக்கெல்லாம் பரவவும் ஆரம்பித்தது. மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பேன். கம்பளி ஆட்டின் ரோமக் கொழுப்பு இருந்தால் திருப்பி வைத்துவிட்டு, கடைக்காரரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்ட மாட்டேன் என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் பட்டுப்புழுவைப் பற்றி விளக்கம் கொடுத்ததும் உண்டு. என்னைக் கண்டாலே உறவுக்காரர்கள் தயிர்ச் சட்டியை மூடி வைப்பதாகக் கேலி பேசுவார்கள். பாதி கேலிதான், மீதி உண்மை.

அக்கா மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிறவள். மழை விட்டு, பொங்கல் கழிந்ததும் அங்கே முதல் வேலை மிதி. உப்பு விளையும் பாத்தியில் நின்ற மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றை வெறுங்காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். செருப்போ பூட்ஸோ போட்டால் தடம் விழும், தடத்தில் உப்போடு மண் ஏறும். அதனால் வெறுங்கால்தான். அக்கா வேலை செய்கிற அளத்தில் ஒரு வழக்கம்: மிதிக்கு வராதவர்களுக்கு அந்த வருஷம் பாத்தி இல்லை. யாரும் சண்டை போட்டு விரட்ட மாட்டார்கள், இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இருபது வருஷமாக மிதியில் முதல் ஆளாக இறங்குகிறவள் அக்கா.

போன மழைக்காலத்தில் அவளுடைய இரண்டு குதிகாலும் வெடித்துவிட்டன. வெடிப்பு அவளுக்குப் புதிதில்லை, ஆனால் இந்த முறை சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. வலது குதிகாலில் ஒரு பிளவு ரத்தம் கசியும் அளவுக்கு ஆழமாக இறங்கியிருந்தது. அதற்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மேல்புண் ஆறிவிட்டாலும், பிளவு முழுசாக மூடும்வரை உப்புத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புண் ஆறியதும் ஏதாவது பிசுபிசுப்பாகப் பூசித் தோலை மெத்தென்று வைத்திருக்கச் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் என் உபதேசத்தைக் கேட்டுச் சிரித்தவளுக்கு என் கையால் மருந்து செய்து கொடுக்கப்போகிறேன் என்ற பெருமை. அவள் கால் வலியைவிட என் பெருமைதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இருப்பதிலேயே கனமான வெண்ணெய் எது என்று பார்த்தேன். இலுப்பையைத் தேர்ந்தெடுத்தேன். இலுப்பைக் கொட்டையை ஆட்டினால் வரும் எண்ணெய், குளிர் பட்டால் மஞ்சளாக உறைந்துபோகும். வெடித்த தோலில் அது உட்காருகிற மாதிரி வேறெதுவும் உட்காருவதில்லை என்பது என் அனுபவம். அதில் கொஞ்சம் தவிட்டு மெழுகு, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்து உருக்கினேன். வாசனைக்கு எலுமிச்சைப்புல் தைலம் நாலு சொட்டு. மூன்று முறை கெட்டிப்பதம் சரியாக வராமல் மறுபடி உருக்கினேன். கார்த்திகை கடைசியில் பெரிய டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன்.

எப்படிப் பூச வேண்டும் என்று பாடமே நடத்தினேன். வெண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் காலை நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் பூச வேண்டும். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து இளக்கிக்கொள்ள வேண்டும். மேலே பருத்தி சாக்ஸ். சாக்ஸ் என்றதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மூடியைத் திறந்து முகர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் பூசுகிறேன் என்பாள். குறைந்திருக்கிறதா என்றால், பரவாயில்லை என்பாள்.

மார்கழி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். அக்கா கொட்டகையில் இருந்தாள். அவளிடம் ஒரு மாடு உண்டு, அப்போதுதான் இரண்டாவது ஈற்று. மாட்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் மடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் டப்பா. முக்கால்வாசி காலி. அவள் குதிகாலைப் பார்த்தேன். பிளவு அப்படியேதான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று முறை உருக்கியதைச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், மிதிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று கத்தினேன். போயும் போயும் மாட்டுக்கா என்றுகூடக் கேட்டுவிட்டேன். மாட்டுக்காக உலகத்தோடு மல்லுக்கு நிற்கிறவள் கேட்கிற கேள்வியா அது?

அக்கா தடவுவதை நிறுத்தவில்லை. பனியில காம்பெல்லாம் வெடிச்சிப்போய், கறக்க உட்கார்ந்தாலே ஒதைக்குது என்றாள். முன்பெல்லாம் தயிர் கடைந்த வெண்ணெயைப் பூசுவாளாம். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மாட்டுகிட்டருந்து எதையும் எடுக்கக்கூடாதுன்னுதானே நீ சொல்லுவ? மாட்டுக்குக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னதில்லியே."

இத்தனை நாள் பேசிய பேச்சில் அந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. அதே அளவு உன் காலிலும் பூசியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன்.

"இலுப்ப எண்ணெய்டி அது. மூடியத் தெறந்ததுமே தெரிஞ்சிபோச்சு. சாமிக்கு ஏத்துறத எடுத்து எப்படி காலுல பூசுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் படுத்த படுக்கையாகிப் பிழைத்து எழுந்த வருஷத்திலிருந்து, அக்கா மாசம் ஒரு திங்கட்கிழமை எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஊரான இரும்பைக்கு வந்து சிவன் கோயிலில் இலுப்பை எண்ணெய் விளக்கு ஏற்றுகிறாள். எண்ணெய் வாங்கி வைப்பதே நான்தான். கூட நின்று கும்பிடுகிறவளும் நான்தான். அந்த எண்ணெய் சொட்டிய தரையை அக்கா மிதிக்காமல் சுற்றிப் போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பட்டறை வாளியில் வந்ததும் எனக்கு அது வெறும் சரக்காகிவிட்டது. எலுமிச்சைப்புல் வாசனைக்குள் நான் ஒளித்து வைத்தாலும் அவள் மூக்குக்குத் தெரியாதா?

மாட்டுக்குப் பூசினால் மட்டும் குற்றமில்லையா என்று கேட்டேன். அதுல என்ன குத்தம், அதுவும் சாமிதானே என்றாள். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அவ்ளோ ஆசையா செஞ்சி எடுத்தாந்த. உன் மூஞ்சப் பார்த்தா வேணாம்னு சொல்ல மனசு வரல."

அழுகை வந்துவிட்டது. வெட்கத்தால் வந்த அழுகை. ஒரு டப்பாவுக்குள் எந்த உயிரின் கொழுப்பு இருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் படிக்கிற நான், என் அக்காவுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் கொள்கை. அவள் பிடித்துக்கொண்டிருந்ததற்கு நான் பெயரே வைக்கவில்லை.

இரண்டே நாளில் வேறு டப்பாவோடு திரும்பிப் போனேன். அக்கா மூடியைத் திறக்காமல், இதுல என்ன இருக்குது, சொல்லு என்றாள். மாங்கொட்டை வெண்ணெய், கோகம், தவிட்டு மெழுகு, தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கோகம் என்றால் என்ன என்று கேட்டாள். மேற்கே மலைப் பக்கம் புளிக்குப் பதிலாகக் குழம்பில் போடுகிற பழம், அதன் கொட்டையிலிருந்து எடுப்பது என்றேன். யோசித்தாள். சரி என்றாள்.

அன்றைக்கு அங்கேயே தங்கி நானே பூசிவிட்டேன். சாக்ஸும் போட்டுக்கொண்டாள், சிரித்துக்கொண்டேதான். பிளவு மூட மூன்று வாரம் போதவில்லை. மிதி ஆரம்பித்த நாளில் அவள் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு, கடைசிப் பாத்தியில் கடைசி ஆளாக இறங்கினாள். முதல் ஆளாக இறங்காத முதல் வருஷம் அது. ஆனால் அவள் பாத்தி அவளிடமே இருந்தது. இலுப்பை டப்பாவில் மிச்சம் இருந்ததை மாடு தீர்த்துவிட்டது.

இப்போதும் டப்பா கொண்டுபோகிறேன். நான் செய்தது என்பதற்காக அவள் வாங்கிவிடுவதில்லை. உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்கிறாள். நான் சொல்லி முடித்த பிறகுதான் காலை நீட்டுகிறாள்.