எலிவால் அண்ணமும் ஏறாவூர் முதலாளியும்

மனிதரை நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்படும் எனக்கு, அவர்களின் வாய்க்குள் பார்க்கிற தொழில்தான் கிடைத்தது. சண்டை முடிந்த அடுத்த வருடம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த கையோடு, மட்டக்களப்பு நகரில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். மேல்வாயின் பின்பக்கம் உண்ணாக்குத் தொங்கும் மிருதுவான சதைக்கு மெல்லண்ணம் என்று பெயர். அது ஆளுக்கு ஆள் எப்படி வேறுபடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. எக்ஸ்ரேயில் தெரியும் வடிவத்தைப் பென்சிலால் பிரதியெடுத்து இலை, எலிவால், கொக்கி என்று பிரிப்பது என் வேலை. வெளியில் சொல்ல வெட்கமான உத்தியோகம் பார்த்தவர்களே, உங்களுக்கு விளங்கும்.

எலிவால்

பல்வலியோடு வந்த ஏறாவூர்ப் புடவைக்கடை முதலாளி, தன்னுடையது என்ன வடிவம் என்று விடாமல் கேட்டார். "எலிவால்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. முகம் கறுத்துவிட்டது. அது நோயல்ல, நுனி மெலிந்திருப்பதால் வைத்த பெயர், எங்கள் டொக்டருக்கும் அதேதான் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பேர மாத்துங்க புள்ள. சரக்கு எவ்வளவு நல்லமெண்டாலும் இந்தப் பேருல ஒருத்தரும் வாங்கமாட்டாங்க."

ஒரு கேள்வி

பனிச்சங்கேணியிலிருந்து ஒரு தாய் ஆறு வயது மகளைக் கூட்டி வந்தார். பிள்ளை எதைச் சொன்னாலும் மூக்கால்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அதேபோல் பேசிக்காட்டி நெளிக்கிறார்களாம், அதனால் வாயே திறப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும் தாய் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டார். சுனாமி அன்று இவள் கைக்குழந்தை. தண்ணீர் அடித்தபோது ஒரு கணம் கை நழுவிவிட்டதாம். மறுபடி பிடித்துத் தூக்கும்போது வாய் நிறைய உப்புத்தண்ணீர்.

"நான் கை விட்டதாலதான் உள்ளுக்குப் பழுதாப்போச்சா எண்டு டொக்டர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க மிஸ். எனக்குக் கேக்கப் பயமா இரிக்கு."

பதில்

டொக்டரிடம் நான் அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்று கதவடியில் இரண்டு தரம் போய்த் திரும்பி, மூன்றாம் தரம் உள்ளே போய்க் கேட்டேன். என் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவத்தில பிழையில்ல, நீளம்தான் காணாது. கதைக்கேக்க இது பின்னால தொட்டு மூக்குப்பக்கம் காத்துப் போகாம மூடவேணும், எட்டுதில்ல. பிறவி அளவு. கடல் தண்ணி அண்ணத்தைக் கட்டையாக்காது. பேச்சுச் சிகிச்சைக்கு எழுதித் தாறன். தேவையெண்டா ஒப்பரேசன் செய்யலாம்."

ஓடிவந்து சொன்னேன். தாய் நம்பவில்லை. "பிறவியா மிஸ்? பிறக்கேக்கயேவா?" என்று மூன்று முறை கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு.

"அப்ப இது எங்கட மாமிர, இவள்ட அப்பம்மாட அண்ணம் மிஸ்! அவவும் மூக்காலதான் கதைக்கிற. கடல் வாறதுக்கு முந்தியே அவ அப்பிடித்தான்!"

அண்ணத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறினாலும், பழியை மாமியிடம் இறக்கிவைக்கிற சந்தோசம் மட்டக்களப்பு வாவிக்கரை முழுக்க ஒரே அளவுதான் என்பதே நான் என் பங்குக்குச் செய்த ஆராய்ச்சி.