ஜகார்த்தாவில் அண்ணன் முகம்

அண்ணன் போன வள்ளம் புயலில் கவிழ்ந்தது. கூடப் போனவர்களில் சிலருடைய உடல் கரைக்கு வந்தது. அண்ணன் வரவில்லை. எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் மற்ற வீடுகளுக்கெல்லாம் சர்ச்சில் இறந்தவர்களுக்கான பூசை முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா விடவில்லை. பூசை நடந்திருந்தால் நான் உட்கார்ந்து அழுதாவது தீர்த்திருப்பேன். அம்மா முன்னால் அழவும் முடியாது.

"ஏட்டி, உயிரோட கெடக்கவனுக்கு ஒப்பாரியா வைக்க?" என்று அடிக்க வருவாள்.

புயலுக்கு முந்தின வருஷம் சென்னைக்காரர் ஒருவர் அண்ணனோடு கடலுக்குப் போய்ப் படம் எடுத்திருந்தார். அவர் போனில் கூப்பிட்டார். ஜகார்த்தாவில் வருஷாவருஷம் உலகப் பட விழா நடக்குமாம், அதில் அந்தப் படத்தைக் காட்டப் போகிறார்களாம்.

"விழான்னா நம்ம கோயில் திருநாளு மாதிரி கொடியேத்து உண்டுமா தம்பி?" என்று அம்மா கேலி பேசினாள். அந்த ஊர் இந்தோனேசியாவில் இருக்கிறது என்று அவர் சொன்னதும் கேலி நின்றுவிட்டது. எங்கள் பக்கத்து வள்ளங்கள் இஞ்சின் பழுதாகி அங்கே ஒதுங்கி, ஆட்கள் ஜெயிலில் கிடந்து பல மாதம் கழித்துத் திரும்பியது உண்டு.

"தம்பி, படம் முடிஞ்ச ஒடனே அவியட்ட கேளு. இவன எங்கயாவது கண்டாவளான்னு கேளு. மொகம் பெரிசாத் தெரியுமில்லா?"

 "கேக்கறேம்மா" என்றார் அவர்.

விழா அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டார். போனை நான்தான் பிடித்திருந்தேன். இருட்டில் நிறைய தலைகள், அதற்கு அப்பால் திரையில் அண்ணன் சிரிக்கிறான்.

"முடி வெட்டாமப் போய் நிக்கான் பாரு," என்றாள் அம்மா.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. சென்னைக்காரர் அம்மா சொன்னதை இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னாள்.  ஒரு வயசானவர் கையைத் தூக்கினார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவர் ஏதோ நீளமாகப் பேசினார்.

"என்ன சொல்லுகாரு தம்பி? கண்டாராமா?"

"இல்லம்மா... உங்க மகன் தூக்கிக் காட்டினாரே, அது என்ன மீன்னு கேக்கறார்."

அம்மா என் மணிக்கட்டை விட்டாள். "நெய்மீனுன்னு சொல்லு."

சென்னைக்காரர் அதைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை.

போனை வைத்த பிறகு அம்மா, "ஆளு நெறையத்தான் இருந்தாவ, இல்லியா?" என்றாள். அப்புறம், "சாமியாருட்ட பூசைக்குச் சொல்லு மக்கா," என்றாள்.

இதற்காக எத்தனை தடவை அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது என் வாயில் வந்ததோ வேறு. "அம்மா, அது வருஷாவருஷம் நடக்குமாம். அடுத்த வருஷமும் கேக்கச் சொல்லலாம்."

"வேண்டாம். அந்தத் தம்பிக்கு வேற படம் எடுக்காண்டாமா?"

மறுநாள் கோயிலுக்கு நான்தான் போனேன். சாமியார் பூசையில் வாசிக்க இறந்தவர் பெயரைக் கேட்டார். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காத்திருந்தார்.